ஹெச்-இண்டெக்ஸ் 41 உள்ள கைடா, 16 உள்ள கைடா?

நீங்கள் கேட்டதை முதலில் திருப்பிச் சொல்கிறேன், நான் புரிந்துகொண்டது சரியா என்று பாருங்கள். உங்கள் மகள் உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. முடித்து, ஆராய்ச்சி உதவித்தொகையான ஜேஆர்எஃப்-உம் வாங்கிவிட்டார். சென்னையிலேயே பிஎச்.டி. சேர, கைடாக இருந்து வழிகாட்ட இரண்டு பேராசிரியர்கள் தயாராக இருக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் கூகுள் ஸ்காலர் தளத்தில் ஒருவருக்கு 312 கட்டுரைகள், 7,400 மேற்கோள்கள் (மற்ற கட்டுரைகள் இவருடையதைக் குறிப்பிட்ட தடவைகள்), ஹெச்-இண்டெக்ஸ் 41 (கட்டுரைகளையும் மேற்கோள்களையும் சேர்த்துப் பார்க்கும் ஓர் எண், கணக்கைக் கீழே சொல்கிறேன்). ஆராய்ச்சியில் 28 ஆண்டு அனுபவம். இன்னொருவருக்கு 38 கட்டுரைகள், 1,150 மேற்கோள்கள், ஹெச்-இண்டெக்ஸ் 16. 11 ஆண்டு அனுபவம். மகள் இரண்டாமவரிடம் சேர வேண்டும் என்கிறார். குரோம்பேட்டையில் இருக்கும் நீங்கள், "முதலாமவர்தானே பெரிய ஆள், பெண்ணைத் தடுக்கலாமா?" என்று கேட்கிறீர்கள். எண்களுக்கு என்ன அர்த்தம் என்பது இதில் ஒரு கேள்வி. ஐந்து வருடம் யாரை நம்பி என் பெண்ணை விடுவது என்பது இன்னொரு கேள்வி. உங்கள் மனதில் இருப்பது இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு எப்படித் தேடுவது என்றுதான் சொல்ல முடியும்.

நான் 31 வருடம் சென்னையில் புரத உயிர்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என்னிடம் 11 பேர் பிஎச்.டி. முடித்தார்கள். பேராசிரியர் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான கட்டுரைப் பட்டியல்களைப் படித்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்துதான் எழுதுகிறேன். நோயாளிகளை வைத்து நடக்கும் பெரிய மருத்துவ ஆய்வுகளின் நடைமுறை வேறு மாதிரி இருக்கும். உங்கள் மகளின் துறை ஆய்வக வேலை என்பதால் அதை ஒட்டியே சொல்கிறேன்.

ஹெச்-இண்டெக்ஸ் என்பதை 2005-இல் கொண்டுவந்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ். அவர் கலிபோர்னியாவில் இயற்பியல் பேராசிரியர், உயிரியல்காரர் இல்லை. கணக்கு எளிதானது. ஒருவருடைய கட்டுரைகளை அதிக மேற்கோள் பெற்றதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக வையுங்கள். ஒருவருக்கு ஐந்து கட்டுரைகள், அவை பெற்ற மேற்கோள்கள் 50, 20, 9, 4, 1 என்றால் அவருடைய ஹெச்-இண்டெக்ஸ் 4. அதாவது தலா நான்கு மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் நான்கு இருக்கின்றன; தலா ஐந்து பெற்றவை ஐந்து இல்லை. இப்போது அந்த 50 மேற்கோள் கட்டுரை 5,000 பெற்றாலும் எண் 4-தான். இந்த எண் ஏறும், இறங்கவே இறங்காது. ஆராய்ச்சியை நிறுத்தி வீட்டில் உட்கார்ந்தாலும் பழைய கட்டுரைகளை யாராவது மேற்கோள் காட்டிக்கொண்டிருப்பார்கள், எண் கூடும். ஆகவே வயதில் மூத்தவருக்கு இது எப்போதும் சாதகம். ஹிர்ஷே இதற்கு ஒரு வழி சொன்னார்: எண்ணை ஆராய்ச்சி செய்த வருடங்களால் வகுத்துப் பாருங்கள் என்றார். நீங்கள் தந்த எண்களை வகுத்துப் பார்த்தேன். 41-ஐ 28-ஆல் வகுத்தால் 1.46. 16-ஐ 11-ஆல் வகுத்தால் 1.45. இரண்டு பேரும் ஒரே வேகத்தில்தான் நடந்திருக்கிறார்கள். கட்டுரைக்குச் சராசரி பார்த்தால் முதலாமவருக்கு 24-க்குச் சற்றுக் குறைவு, இரண்டாமவருக்கு 30. இதை வைத்து இரண்டாமவர்தான் உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே ஒரு கட்டுரை 500 மேற்கோள் வாங்கியிருந்தால் இந்தச் சராசரி சாய்ந்துவிடும். முதலாமவர்தானே பெரிய ஆள் என்று நீங்கள் எடுத்துக்கொண்டதற்கு இந்த எண்களில் ஆதாரம் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அப்புறம், எண் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். மேற்கோள்களைத் தொகுத்து எண்ணும் வேலையைத் தொடங்கியவர் அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்ட். 1955-இல் யோசனை சொன்னார், 60-களில் மேற்கோள் அட்டவணையை அச்சிட்டு நூலகங்களுக்கு அனுப்பினார். அதன் வாரிசுதான் இன்றைய வெப் ஆஃப் சயின்ஸ். 2004-இல் ஸ்கோபஸ், கூகுள் ஸ்காலர் இரண்டும் வந்தன. வெப் ஆஃப் சயின்ஸும் ஸ்கோபஸும் தாங்கள் தேர்ந்தெடுத்த ஜர்னல்கள், புத்தகங்கள், கருத்தரங்குத் தொகுப்புகளை மட்டும் எண்ணும். கூகுள் இணையத்தில் கிடைக்கும் தீசிஸ் (பிஎச்.டி. ஆய்வேடு), எந்தக் கருத்தரங்குக் கட்டுரையும், இன்னும் யாரும் சரிபார்க்காத முன்வெளியீடு எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும். அதனால் ஒரே ஆளுக்கு மூன்று இடத்தில் மூன்று ஹெச்-இண்டெக்ஸ் இருக்கும், பெரும்பாலும் கூகுளில்தான் பெரியது. ஒருவரின் கூகுள் எண்ணை இன்னொருவரின் ஸ்கோபஸ் எண்ணோடு ஒப்பிடவே கூடாது. நீங்கள் இருவருக்கும் கூகுளையே பார்த்திருக்கிறீர்கள், அது சரி. ஆனால் கூகுள் பக்கத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, அது நம் ஊர்க்காரர்களைத்தான் அதிகம் படுத்தும்.

நம் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். வெளிநாட்டு ஜர்னல் படிவம் குடும்பப் பெயர் கேட்கும். ஒருமுறை அப்பா பெயரைப் போடுவோம், அடுத்த முறை நம் பெயரையே போட்டு இனிஷியலைப் பின்னால் தள்ளுவோம். எஸ். குமார், குமார் எஸ்., எஸ். கே. என்று ஒரே ஆள் மூன்று ஆளாகப் பிரிந்துவிடுவார். எதிர்ப்பக்கம், ஒரே 'குமார் எஸ்.' என்ற பெயரில் இருபது பேரின் கட்டுரைகள் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். கூகுள் ஸ்காலரில் புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும்படி விட்டுவிட்டால், அந்த இருபது பேரில் யாருடையதோ உங்கள் பக்கத்தில் வந்து உட்காரும். நீக்க வேண்டியது அந்தப் பக்கத்துக்கு உரியவர்தான், எல்லோரும் நீக்குவதில்லை. பெண்களுக்கு இது இன்னும் கொடுமை. என்னோடு வேலை செய்த ஒரு தோழி, திருமணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியலில் 14 கட்டுரை எழுதியவர். பிறகு கணவரின் இனிஷியலுக்கு மாறினார். பதவி உயர்வுக்கான நேர்காணலுக்குப் போனபோது, குழுவின் கையில் இருந்த அச்சுப் பட்டியலில் பின்னால் எழுதியவை மட்டுமே இருந்தன. அந்த 14-உம் தன்னுடையவை என்று அவர் அங்கேயே உட்கார்ந்து விளக்க வேண்டியிருந்தது. அந்த வருடம் அவருக்கு உயர்வு கிடைக்கவில்லை. இது நடந்தது ஆர்சிட் வருவதற்கு முன். 2012-இல் தொடங்கிய ஆர்சிட் ஒவ்வொரு ஆய்வாளருக்கும் 16 இலக்க எண் ஒன்றை இலவசமாகத் தருகிறது. பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. எந்தக் கைடிடம் சேர்ந்தாலும் சரி, உங்கள் மகள் முதல் கட்டுரை அனுப்பும் முன் ஆர்சிட் எண் வாங்கி, பெயரை ஒரே மாதிரி எழுத முடிவு செய்துகொள்ளட்டும்.

ஆகவே முதலாமவரின் 312-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உமி எது, அரிசி எது என்று பிரிக்க ஒரு மணி நேரம் போதும். உயிர்மருத்துவத் துறையில் ஆசிரியர் பெயர் வரிசைக்கு அர்த்தம் உண்டு. முதல் பெயர், கையால் வேலை செய்தவர், பெரும்பாலும் மாணவர். கடைசிப் பெயர், ஆய்வகத்தின் தலைவர். யோசனை, பணம், பொறுப்பு எல்லாம் அவருடையது. நடுவில் இருப்பவர்கள் உதவியவர்கள். அந்த உதவி பெரியதாகவும் இருக்கலாம், சோதனைக்கு ஒரு சாம்பிளைக் கொடுத்ததாக மட்டும் இருக்கலாம். முதலாமவரின் கட்டுரைகளில் எத்தனையில் அவர் கடைசிப் பெயர் என்று எண்ணிப் பாருங்கள். 312-இல் 60 வந்தால் அவர் தலைமை தாங்கிச் செய்தது அந்த 60. மீதி 252-இல் அவர் பங்கு என்ன என்று பட்டியலை வைத்துச் சொல்லவே முடியாது.

அடுத்து, அதிகம் மேற்கோள் பெற்ற முதல் பத்துக் கட்டுரைகளைத் திறந்து பாருங்கள். உலக நோய்ச்சுமை ஆய்வு என்று ஒன்று உண்டு, லான்செட் என்ற மருத்துவ இதழில் வரும். ஒரே கட்டுரையில் பல நூறு பேர் ஆசிரியர்கள், ஆயிரக்கணக்கில் மேற்கோள்கள். அதில் பெயர் இருந்தால் ஒரே நாளில் ஒருவரின் கணக்கு வீங்கிவிடும். அந்த ஆய்வு நல்ல ஆய்வுதான், ஆனால் அதன் மேற்கோள்களை ஒருவரின் தனிக் கணக்கில் வைத்துப் பார்க்க முடியாது. ரிவ்யூ கட்டுரைகளும் அப்படித்தான். அவை புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில்லை, மற்றவர்கள் கண்டதைத் தொகுப்பவை. எல்லோருக்கும் வசதி என்பதால் மேற்கோள் அதிகம் வரும். செய்முறைக் கட்டுரைகள் இன்னொரு வகை. 1951-இல் ஆலிவர் லௌரியும் கூட்டாளிகளும் புரதத்தை அளக்கும் ஒரு முறையை வெளியிட்டார்கள். உங்கள் மகள் எம்.எஸ்சி. பிராக்டிகலில் நீல நிறம் வரவைத்து அளந்திருப்பாரே, அதேதான். உலகத்திலேயே அதிக மேற்கோள் பெற்ற அறிவியல் கட்டுரை என்று பேர் வாங்கியது அது, மூன்று லட்சத்துக்கும் மேல். டிஎன்ஏவின் இரட்டைச் சுருளைச் சொன்ன 1953-ஆம் ஆண்டுக் கட்டுரை அதன் பக்கத்தில்கூட வராது. எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று அந்த எண் சொல்கிறது. அறிவை எவ்வளவு தூரம் நகர்த்தியது என்பதற்கு அது அளவுகோல் ஆகாது. மேற்கோள் என்றால் பாராட்டு என்றும் அர்த்தம் இல்லை. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று தோன்ற வைத்த 1998-ஆம் ஆண்டு லான்செட் கட்டுரை ஏராளமான மேற்கோள் பெற்றது. தவறு என்று சுட்டிக்காட்டத்தான் பலர் அதைக் குறிப்பிட்டார்கள். 2010-இல் அந்த இதழே அது செல்லாது என்று திரும்பப் பெற்றது.

சென்னையில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது எனக்கு மனசு கேட்காமல் சில பெயர்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. குரோம்பேட்டையில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். காசநோய் வந்தால் ஊரை விட்டுத் தள்ளி, மாதக்கணக்கில் படுக்கையில் வைத்திருந்த காலத்தின் பெயர் அது. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து நடத்தின. ஏழைக் குடும்பங்களில், நெருக்கமான வீடுகளில் இருந்த நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வீட்டிலும் ஒரு பாதிக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளை ஒரு வருடம் கொடுத்தார்கள். இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானது. வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக ஒட்டவும் இல்லை. 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் அது வெளிவந்த பிறகுதான், காசநோயாளியை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று உலகம் முழுவதும் நம்பிக்கை வந்தது. அந்தக் கட்டுரையின் ஆசிரியர் யார் தெரியுமா? 'காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், மெட்ராஸ்'. தனி ஆள் பெயர் இல்லை. வீடு வீடாகப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்த செவிலியர்கள், ஸ்லைடு பார்த்த டெக்னீஷியன்கள், வாலஸ் ஃபாக்ஸ் போன்ற மருத்துவர்கள், யாருடைய ஹெச்-இண்டெக்ஸிலும் அது ஏறவில்லை. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதே இடம்தான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963-இல் வெளியிட்ட வரைபடமும் இப்படித்தான். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும், எந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்று காட்டிய படம் அது. இன்றைக்கும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். ஆனால் பலர் 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று பெயரை எழுதிவிட்டு மூலக் கட்டுரையை மேற்கோளில் சேர்ப்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்தது, எதற்கு மேற்கோள் என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு வேலை அந்த அளவுக்குப் பொதுச்சொத்தாகிவிட்டால் எண்ணுகிற இயந்திரத்தின் கண்ணில் அது படாது.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக ஹெச்ஐவி தொற்று இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மாணவியின் ஆய்வேட்டுக்காகத் தொடங்கிய வேலை அது. ரத்த மாதிரிகளை வேலூர் சிஎம்சி வரை கொண்டுபோய்ப் பரிசோதித்தார்கள். நோய் இங்கே இல்லை என்று நாடே நம்பிக்கொண்டிருந்தபோது வந்த அந்த முடிவால் ரத்தப் பரிசோதனை, ரத்த வங்கி, அரசின் கொள்கை எல்லாம் மாறின. அதை மேற்கோள் எண்ணிக்கையால் அளக்க நினைப்பதே எனக்கு நியாயமாகப் படவில்லை. நேர்மாறாக, மேற்கோளை எண்ணிப் பார்த்ததால் வெளிச்சத்துக்கு வந்தவரும் உண்டு. காலரா நச்சு குடலில் எப்படி வேலை செய்கிறது என்று 1959-இல் கல்கத்தாவில் காட்டிய சம்பு நாத் டே, உள்ளூரில் கண்டுகொள்ளப்படாமலே 1985-இல் இறந்துபோனார். அடுத்த வருடம் கார்ஃபீல்ட், மேற்கோள்களை வரிசைப்படுத்திப் பார்த்து, காலரா ஆராய்ச்சி முழுவதும் இவர் கட்டுரைகளில் வந்து சேர்கிறது என்று விரிவாக எழுதினார். ஆகவே எண்ணே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். யாராவது நிதானமாகப் படித்தால் எண்ணும் உண்மை பேசும்.

சரி, சந்தேகமான பகுதிக்கு வருகிறேன். 28 ஆண்டில் 312 என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்று. பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு பிஎச்.டி. மாணவர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நான்கு. ஆய்வகத்தில் புதிதாக ஒன்றைச் செய்து, சரிபார்த்து, எழுதி, திருத்தி வெளியிட என் அனுபவத்தில் ஒரு மாணவருக்கு இரண்டு வருடமாவது ஆகும். அந்தக் கணக்கில் எட்டு மாணவர்களை வைத்து மாதம் ஒன்று வராது. ஆனால் பெரிய மருத்துவமனைத் துறைகளோடு கூட்டு வேலை செய்பவருக்கு வரலாம். ஒரு புள்ளியியலாளருக்கோ ஒரு பெரிய கருவியைப் பராமரிப்பவருக்கோ இதைவிட அதிகமும் வரலாம். எண்ணிக்கை அதிகம் என்பதை மட்டும் வைத்து ஒருவரைச் சந்தேகிப்பது அநியாயம். எப்படி வந்தது என்று பார்ப்பது நியாயம்.

பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, தன்னைத் தானே மேற்கோள் காட்டுவது. ஒரே பிரச்சினையில் வருடக்கணக்கில் வேலை செய்பவர் தன் பழைய கட்டுரையைக் காட்டத்தான் வேண்டும், அதில் தவறில்லை. ஸ்கோபஸில் சொந்த மேற்கோள்களை நீக்கிவிட்டு எண்ணைப் பார்க்கும் வசதி உண்டு. நீக்கியதும் எண் பாதியாகச் சரிந்தால் யோசியுங்கள். இரண்டாவது, திரும்பப் பெற்ற கட்டுரைகள். 2023-இல் மட்டும் உலகம் முழுவதும் 10,000-க்கு மேல் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் ஜர்னல்களில், சிறப்பிதழ்கள் வழியாக வந்தவை. இப்படித் திரும்பப் பெற்றவற்றைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தை இப்போது யாரும் இலவசமாகப் பார்க்கலாம். நேர்மையான பிழைக்காகத் தானே முன்வந்து திரும்பப் பெற்றவரை நான் மதிப்பேன். நான்கைந்து கட்டுரைகள், ஒரே மாதிரி படக் குளறுபடி என்றால் பக்கத்திலேயே போக வேண்டாம். மூன்றாவது, வருட வாரியாகப் பாருங்கள். இருபது வருடம் வருடத்துக்கு ஐந்தாறு வந்து, கடைசி நான்கு வருடத்தில் திடீரென்று நாற்பது, ஐம்பது என்று பாய்ந்திருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும். பதவி உயர்வு, தரவரிசை இரண்டும் எண்ணிக்கையைக் கேட்கிற காலம் இது. அந்த நெருக்கடியில் நல்லவர்களும் தடுமாறியிருக்கிறார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

'உலகின் டாப் 2 சதவீத விஞ்ஞானி' என்று கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் பார்த்திருப்பீர்கள். ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு ஸ்கோபஸ் தரவிலிருந்து தயாரிக்கும் பட்டியல் அது, ஆசிரியர் வரிசையையும் கணக்கில் எடுப்பதால் வெறும் ஹெச்-இண்டெக்ஸை விட மேல். ஆனால் அது விருது கிடையாது, யாரும் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதும் கிடையாது. ஒரு ஜர்னலின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோளைச் சொல்லும் இம்பாக்ட் ஃபேக்டரும் தனி ஆளை அளக்க உதவாது. நேச்சர் என்ற பெரிய அறிவியல் இதழே 2005-இல் தன் தலையங்கத்தில், தன் இம்பாக்ட் ஃபேக்டருக்குக் காரணமான மேற்கோள்களில் 89 சதவீதம் 25 சதவீதக் கட்டுரைகளிலிருந்து வந்தவை என்று ஒப்புக்கொண்டது. பெரிய ஜர்னலில் வந்த கட்டுரைக்கும் மேற்கோள் இல்லாமல் போகலாம்.

இப்போது உங்கள் உண்மையான கேள்வி. ஒரு கைடு நல்லவரா என்று அவருடைய பட்டியலை விட அவருடைய மாணவர்களின் பட்டியல் தெளிவாகச் சொல்லும். இதைத்தான் நான் தேர்வுக் குழுக்களில் கடைசிவரை சொல்லிப் பார்த்தேன், கேட்டவர்கள் குறைவு. சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழக தீசிஸ்கள் இருக்கின்றன, கைடின் பெயரைப் போட்டுத் தேடலாம். எல்லாப் பல்கலைக்கழகமும் எல்லாவற்றையும் ஏற்றுவதில்லை, ஆனாலும் கிடைப்பதை எடுங்கள். யார் யார் முடித்தார்கள், பதிவு செய்து எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த மாணவர்களின் பெயரைக் கைடின் கட்டுரைகளில் தேடுங்கள். மாணவர் செய்த வேலைக்கு மாணவர் பெயர் முதலில் இருக்கிறதா? இல்லை, தீசிஸில் இருக்கும் அதே படம் வேறொருவர் பெயர் முதலில் வைத்து வெளிவந்திருக்கிறதா? பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், இரண்டு தீசிஸ் பார்த்தாலே தெரிந்துவிடும். முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் தேடுங்கள். கைடின் கட்டுரைகளில் பெயர் இருந்து தீசிஸே இல்லாத மாணவர்கள் இருந்தால் அவர்களைத்தான் முக்கியமாகத் தேட வேண்டும்; நடுவில் விட்டுப் போனவர்களாக இருக்கக்கூடும். தீசிஸ் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யூஜிசி 2022 விதிகளில் எடுத்துவிட்டது. ஆனாலும் அந்தந்தப் பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்திருக்கலாம், சேரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டியல் சொல்லாத விஷயங்களுக்கு நேரில்தான் போக வேண்டும். மகளை இரண்டு ஆய்வகத்துக்கும் ஒரு முழுநாள் போய்வரச் சொல்லுங்கள். கைடிடம் பேசுவதைவிட, மூன்றாவது நான்காவது வருடத்தில் இருக்கும் ஸ்காலர்களிடம் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே பேசட்டும். கடைசியாகக் கைடு உன் தரவை எப்போது உட்கார்ந்து பார்த்தார்? ஆன்டிபாடி, கெமிக்கல் வாங்க எத்தனை மாதம் ஆகிறது? ஃபெல்லோஷிப் பணம் வரத் தாமதமானால் யார் பேசுகிறார்? சோதனை சரியாக வரவில்லை என்று சொன்னால் என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்கு அந்தப் பிள்ளைகள் பதில் சொல்லும் முகத்தைப் பார்த்தாலே போதும். வராத முடிவை வந்ததாகக் காட்டச் சொல்லும் ஆய்வகத்தில் ஐந்து வருடம் இருந்த மாணவி ஒருத்தி, பிறகு என்னிடம் வேலைக்கு வந்தாள். ஒரு எளிய அளவீட்டைக்கூட மூன்று முறை செய்துவிட்டு, எந்த எண்ணை எழுதட்டும் சார் என்று என்னிடம் கேட்பாள். அந்தப் பயம் போக இரண்டு வருடம் ஆனது. அவளுடைய பழைய கைடின் ஹெச்-இண்டெக்ஸ் என்னுடையதைப் போல இரண்டு மடங்கு.

உங்கள் முதலாமவரும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் பெயர் எனக்குத் தெரியாது, நீங்கள் பெயர் போடாததும் நல்லதுதான். 41 உள்ளவர்களில் மாணவர்களைக் கண்ணாகப் பார்த்துக்கொள்பவர்களையும் எனக்குத் தெரியும். மூத்தவரிடம் கருவிகளும் பணமும் வெளிநாட்டுத் தொடர்புகளும் அதிகம் இருக்கும், அது சிறிய விஷயம் இல்லை. அவர் ஓய்வு பெற எத்தனை வருடம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள், நடுவில் கைடு மாறுவது மாணவிக்குப் பெரும் அலைச்சல். இளையவரிடம் நேரம் அதிகம் கிடைக்கும். ஆனால் அவருடைய ஆராய்ச்சி நிதி இன்னும் எத்தனை வருடத்துக்கு இருக்கிறது என்பதைக் கேட்காமல் சேரக் கூடாது. நீங்கள் தந்த எண்களை மட்டும் வைத்துச் சொன்னால், மகளைத் தடுக்க ஒரு காரணமும் இல்லை. இரண்டாமவரிடம்தான் போவேன் என்று சொல்ல அவருக்கு ஏதோ காரணம் இருக்கும். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்துப் பிடித்துப்போயிருக்கலாம். இன்று சாயங்காலம் அந்தக் கட்டுரையை எடுத்து உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். அப்புறம் இரண்டு பேரின் கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளையும், பெயர்களை மறைத்து, ஆசிரியர் வரிசையில் கைடு எத்தனையாவது, மாணவர் எத்தனையாவது என்று மட்டும் குறித்து எழுதுங்கள். நான் உட்கார்ந்து பார்த்து, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.